ஆயாவின் கடன் பட்டியல்: சேலத்திலும் ஏற்காட்டிலும் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது மணி பதினொன்று. மாமா ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு நின்றிருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடம் ஆகிறது, இன்னும் பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்கும் பழக்கம் போகவில்லை. "ரயில் லேட்டு மாப்ள, நான் லேட்டு இல்ல" என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஆயா, அதாவது என் அம்மாவைப் பெற்றது, குளியலறையில் வழுக்கி விழுந்தது. எலும்பு தப்பித்தது. ஆனால் எண்பத்தாறு வயதில் விழுந்து எழுந்தவர்களுக்கு வரும் அந்தப் பயம் வந்துவிட்டது, கடன் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று. பணக்கடன் இல்லை. 1987-ல் மாமா இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனபோது, பிள்ளை உயிரோடு திரும்பினால் செய்கிறேன் என்று நாலு இடத்தில் நேர்ந்துகொண்ட கடன். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அம்மா ஒரு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி:

தலைவெட்டி முனியப்பனுக்கு ஒரு கிடா. சேர்வராயனுக்கு மொட்டை. நாலு ரோட்டுக் குழந்தை ஏசுவுக்கு மெழுகுவத்தி இருபத்தொன்று. தர்காவுக்குப் பச்சைப் போர்வை ஒன்று.

பிள்ளை திரும்பி வந்தாயிற்று, 1990 மார்ச்சில். கடன்தான் அடையவில்லை, ஏனென்றால் பிள்ளை மறுத்துவிட்டார். வந்தபின் பல வருடம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லையாம். இப்போது ஆயா படுத்துக்கொண்டே ஆணை போட்டிருக்கிறது. நான் எதற்கு? சாட்சிக்கு. மாமா போகாமலே போனேன் என்று சொல்லிவிடுவாராம்.

மதியம் தட்டுவடை செட் சாப்பிட்டோம். சேலத்துக்காரர்களிடம் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது, ஆகவே விட்டுவிடுகிறேன். சாப்பிடும்போது பட்டியலை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டேன்: "ஏன் மாமா, நம்ம ஊர் மாரியம்மன் இதுல இல்லையே? ஆயா ஆடி மாசம் முழுக்கக் கூழ் ஊத்துற ஆளாச்சே?"

மாமா கார சட்னியை வழித்து முடித்துவிட்டு, "இன்னொரு செட்டு சொல்லட்டா?" என்றார்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் மெழுகுவத்தியும் போர்வையும் முடிந்தன. நாலு ரோட்டுக் கோயிலில் இருபத்தொன்றை ஏற்றி வைக்கக் காற்று விடவில்லை, பதினேழாவதில் முதல் நாலும் அணைந்துவிட்டன, மறுபடி ஏற்றினோம். தர்காவில் ஒரு பெரியவர் போர்வையை வாங்கிக்கொண்டு எதற்கு நேர்ந்தது என்று விசாரித்தார். "சண்டையிலிருந்து திரும்புனதுக்கு" என்றார் மாமா. எந்தச் சண்டை என்று அவர் கேட்கவில்லை, மயிலிறகால் தலையில் தட்டி அனுப்பிவிட்டார்.

சிக்கல் முனியப்பனிடம்தான்.

பெரியேரிப் பக்கம் இருக்கும் இந்தத் தலைவெட்டி முனியப்பன் விவகாரம் நிறையப் பேருக்குச் செய்தியில் பார்த்த நினைவிருக்கலாம். 2011-ல் ஒரு பௌத்த அறக்கட்டளை வழக்குப் போட்டது: உள்ளே இருப்பது முனியப்பன் இல்லை, புத்தர் என்று. நீதிமன்றம் தொல்லியல் துறையிடம் பார்த்துச் சொல்லச் சொன்னது. அவர்கள் போய் மேலே பூசியிருந்ததை எல்லாம் சுத்தம் செய்து பார்த்தால், தாமரைப் பீடம், அரைப் பத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கை, சுருள் முடி, உச்சியில் கொண்டை போன்ற உஷ்ணீஷம், நீண்ட காது மடல். தலை உடம்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, பிற்பாடு சிமென்ட்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது புத்தர்தான் என்று சொல்லி, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், இனி முனியப்பனாகப் பூசை நடக்கக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது.

ஆக, நாங்கள் கிடா வெட்ட வேண்டியது புத்தருக்கு. கொல்லாமையைச் சொன்னவருக்கு, ஒரு சிப்பாய் உயிரோடு திரும்பியதற்காக. மாமா இதை இரண்டு வருடம் முன்பே பேப்பரில் படித்துவிட்டு ஆயாவிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"அம்மா நேர்ந்தது முனியப்பனுக்கு, கோர்ட்டு சொல்றது புத்தர். நடுவுல ஒரு ஆடு பொழைச்சுப் போச்சு, விடு" என்றார். நாங்கள் போன நேரம் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தோம். மாமா செருப்பைக் கழற்றினார், அப்புறம் எதற்கு என்று தெரியாதவர் போல மறுபடி மாட்டிக்கொண்டார். நல்ல வெயில்.

எனக்கு இதில் சிரிப்பைத் தாண்டி ஒன்று உறுத்தியது. முனியப்பன் காவல் தெய்வம். மீசை, முழித்த கண், கையில் அரிவாள், காலடியில் ரத்தம். எல்லையில் நின்று காக்கிறவன், அதாவது ஒரு வகையில் சிப்பாய். தலையில்லாத புத்தரை ஊர் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மதம் மாறியவர்களைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம், மதம் மாற்றப்பட்ட சாமிகள் எத்தனை பேர் எந்த ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்களோ. இதே மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் ஆளுயரத்துக்கும் மேலான புத்தர் இருக்கிறார், அங்கே மக்கள் புத்தர் என்று தெரிந்தேதான் விளக்குப் போடுகிறார்கள். அங்கே போயிருந்தால் குழப்பமே இல்லை. ஆனால் பட்டியலில் தியாகனூர் இல்லை.

இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது மாமா தன் பழைய தொப்பி வில்லையைக் காட்டினார். மெட்ராஸ் ரெஜிமென்ட். நடுவில் யானை, 1803-ல் அசாயே சண்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மராத்தியரோடு மோதியதற்குக் கிடைத்த யானை. (யாருக்காக யாரோடு என்று யோசித்தால் அந்த யானை கொஞ்சம் இளைத்துத் தெரியும்.) படையின் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". தமிழிலேயே இருக்கிறது, விளக்கம் தேவையில்லை. இலட்சிய வாக்கியம் மட்டும் சமஸ்கிருதம்: ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய. கடமையைச் செய்து சாவது மேல் என்று படையில் பொருள் சொல்லிக் கொடுப்பார்களாம்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள சுலோகத்தின் கால்பங்கு அது. முழுதாகப் படித்தால் வேறு வாசனை வரும்: அடுத்தவனுடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன்னுடைய தர்மத்தைக் குறையோடு செய்வது மேல், அதில் சாவதும் மேல், அடுத்தவன் தர்மம் பயங்கரமானது. சிப்பாய்க்கு இது தைரியம். எங்கள் தெருக்காரனுக்கு இது என்ன? செத்த மாடு தூக்குகிறவன் அதைத் தூக்கிக்கொண்டே செத்துப்போவது மேல், பேனா பிடிக்காதே. அம்பேத்கர் கீதையோடு சண்டை போட்டது இதே இடத்தில்தான். போருக்கும் நால்வருணத்துக்கும் ஒரே நூல் தத்துவ முட்டுக் கொடுக்கிறது என்றார். உடல்தான் சாகிறது, ஆன்மா சாவதில்லை என்று ஒரு வக்கீல் கொலை வழக்கில் வாதாடினால் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள் என்று கிண்டலும் செய்தார். காந்தி அதே புத்தகத்தை மனசுக்குள் நடக்கும் போர் என்று படித்தார். ஆனால் தொப்பியில் குத்திக்கொண்டவனுக்கு அது மனசுக்குள் நடக்கவில்லை.

நம்ம சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வக்கீல் தொழில் பார்த்து, 1917-ல் நகராட்சித் தலைவராக உட்கார்ந்த ராஜாஜி, 1962-ல் தள்ளாத வயதில் வாஷிங்டன் போய் கென்னடியிடம் அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று சொன்னவர். உலகத்தில் எவன் வீட்டுப் பிள்ளையும் குண்டில் கருகக் கூடாது என்று நினைத்த அதே மனிதர்தான் 1953-ல் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, அவர் பதவியும் போய், 1954-ல் காமராஜர் வந்து அதை எடுத்தார். நல்லவரா கெட்டவரா என்று நான் இங்கே பஞ்சாயத்துப் பண்ண வரவில்லை. அணுகுண்டு வரைக்கும் விரிந்த மனசு அந்த ஒரு சுலோகத்தில் முட்டி நின்றதுதான் எனக்கு ஆச்சரியம்.

இதையெல்லாம் மாமாவிடம் ஆவேசமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாங்க அதை யானை படம்னுதான் நெனச்சோம் மாப்ள" என்றார்.

மூன்றாம் நாள், சனி

ஏற்காடு. பைக் வேண்டாம், இடுப்பு தாங்காது என்று பஸ்ஸில் போனோம். அஸ்தம்பட்டி தாண்டும்போது மத்திய சிறை. இந்தச் சுவருக்குள்தான் 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் சுட்டதில் 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் மலபார்ப் பக்கத்து ஆட்கள், இன்று கேரளத்தில் இருக்கும் மலபார் அன்று மெட்ராஸ் மாநிலத்தில் இருந்தது. தேதியைக் கவனியுங்கள். அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து பதினாறே நாள். எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று எழுதிய மை காயவில்லை என்பார்கள், இது உண்மையிலேயே அப்படி. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் ஃபோனில் தேடிப் படித்திருக்காவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவதில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மாமா தன் துண்டைக் கொடுத்துவிட்டார். மேலே காபி வாசனை, மிளகுக் கொடி, சனிக்கிழமைக் கூட்டம், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. படகு, பூங்கா எல்லாம் வழக்கம்போல, அதற்கு வேறு கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

சேர்வராயன் கோயில் மலை உச்சியில், 5,300 அடிக்கு மேலே. பக்கத்தில் பரந்த மொட்டை மேடு, காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் என்றால் கோபுரம் இல்லை, ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும், யாராக இருந்தாலும். உள்ளே இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையின் பழங்குடி மக்களான மலையாளிகளின் சாமி இவர். (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவர்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் இந்த மலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் போனதாக அவர்களின் கதை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில் சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கம்பெனி கைக்குப் போயின. அப்புறம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது, எஸ்டேட் வந்தது. தங்கள் சாமியின் மலை யாரோ இருவர் போட்ட சண்டையில் கை மாறியதை இந்த மக்களிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

இன்னொரு கூத்து உண்டு. சேலம் மாவட்டத்தில் இவர்கள் பட்டியல் பழங்குடி, ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கியது. இதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலில் இல்லை, ஏனென்றால் பட்டியலில் மாவட்டப் பெயர் போட்டு எழுதிவிட்டார்கள். அந்தச் சான்றிதழுக்காக அங்கே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் பழங்குடித்தன்மை ஆவியாகிவிடும் போல.

மொட்டை விஷயம் சுலபமாக முடிந்தது. மாமாவுக்கு முன்னந்தலையில் முடி கிடையாது. "பாதி கடனை அவரே வட்டியோட எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு மீதியை இறக்கினார்.

இறங்கி வரும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். நான் கேட்காமல் அவராகவே பேசினார், முப்பத்தைந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நான் மொத மொதல்ல ஒரு கோயில் கருவறைக்கு எதுக்க நின்னு கும்பிட்டது எங்க தெரியுமா? நீலகிரி வெலிங்டன்ல, எங்க ரெஜிமென்ட் சென்டர்ல. மந்திர் பரேடு. ஞாயித்துக்கிழம யூனிஃபார்ம்ல வரிசையா போகணும், போகலைன்னா பனிஷ்மென்ட். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு மாப்ள. ஊர்ல உள்ள போனா அடி, இங்க போகாட்டி அடி."

படையில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையில் எல்லாச் சாமியும் இருக்கும், லங்கரில், அதாவது படைச் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோருக்கும் ஒரே பாத்திரத்துச் சப்பாத்தி, உன் தெரு எது என்று யாரும் கேட்டதில்லை என்றார். ஊருக்கு லீவில் வந்தால் டீக்கடையில் தனி டம்ளர். நான் உடனே படையைப் புகழ ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "ரொம்பத் தூக்காத. ஜனாதிபதி பாடிகார்டுல ராஜ்புத், ஜாட், சீக்கியர் மட்டுந்தான் எடுப்பாங்க, கோர்ட்டு வரைக்கும் போன விஷயம். நாங்க சமம்தான், குதிரைக்குக் கீழ."

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதி காக்க இலங்கைக்குப் போன படை மாமாவுடையது. அக்டோபரில் புலிகளோடு சண்டையாகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சனம் நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குள் தஞ்சம் புகுந்து கிடந்த நாட்கள். நான் புத்திசாலித்தனமாக, நம் சங்க காலத்தில் போருக்கு முன்பே பசு, பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டுத்தான் அம்பு விடுவார்கள், புறநானூற்றிலேயே இருக்கிறது, அறப்போர் என்றேன்.

"நாங்களும் மைக்குல சொன்னோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுல நம்ம தெருவு எந்த வரிசைல வருது, பசுவுக்கு அப்புறமா?" என்றார்.

ஒரு வீட்டுச் சோதனை பற்றிச் சொன்னார். கதவைத் தட்டினால் ஒரு கிழவி. ஆயா வயசு அப்போது. இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் ஆபீசர். இவர் இந்தியில் "மாலும் நஹீ", தெரியாது, என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசிப் பானையைத் துப்பாக்கி முனையால் கிளறியிருக்கிறார். பானையில் அரிசிதான் இருந்தது.

யாரையாவது சுட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. எந்தக் கோயிலுக்கும் போகாமல் இருந்த அந்த வருடங்களுக்குக் காரணம் துப்பாக்கியா, அந்த இரண்டு இந்திச் சொல்லா, தெரியாது.

திரும்பி வந்தபோது மெட்ராஸ் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி வரவில்லை. நம் மக்களைக் கொன்ற படை என்றார்கள், அதற்கு நியாயம் இருந்தது என்று மாமாவே ஒப்புக்கொள்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே செத்ததற்குக் கொழும்புப் பக்கத்தில் இலங்கை அரசு தூண் கட்டி வைத்திருக்கிறது. செத்தவன் பெயர் டெல்லியில் 2019-ல் திறந்த போர் நினைவகத்தில் இருக்கிறது. "திரும்பி வந்தவன் பேரு உங்கம்மா கணக்கு நோட்டுல இருக்குது, போதும்" என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு

ஓமலூர் வழியாக ஊருக்கு. வழியில் தீவட்டிப்பட்டி. 2024 மே மாதம் மாரியம்மன் கோயிலில் எங்கள் ஆட்கள் நுழைவதைப் பற்றிய தகராறில் கடைகள் எரிந்தது அங்கேதான். கோயில் நுழைவுச் சட்டம் 1947, தீண்டாமை ஒழிப்புக்கு அரசியல் சாசனத்தில் 17-வது பிரிவு, இரண்டுக்கும் வயதாகிவிட்டது. பஸ் நிற்காமல் போனது.

ஆயா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மாமாவின் மொட்டையைத் தடவிப் பார்த்து, மெழுகுவத்தி எத்தனை என்று என்னிடம் கணக்குக் கேட்டு, போர்வை என்ன நிறம் என்று கேட்டு, கடைசியில் வந்தது.

"கிடா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அப்புறம் மாமாவே சொன்னார், கோர்ட்டு, தொல்லியல் துறை, புத்தர், ரத்தம் ஆகாது, எல்லாம். ஆயா அழும் என்று நினைத்தோம்.

"அதான பார்த்தேன். மீசையில்ல, அருவா இல்ல, கைய மடியில வச்சிக்கிட்டுக் குந்தியிருந்தாரு. அப்பவே எனக்குச் சந்தேகந்தான்."

"தெரிஞ்சே ஏம்மா அவருக்கு நேர்ந்துக்கிட்ட?"

"சித்தாள் வேலைக்குப் போற வழியில இருந்தாரு. கல்லு மண்ணு தூக்குன துணியோட போவேன். யாரும் தடுக்கல, உள்ளாற விட்டாங்க" என்றது ஆயா. பிறகு, ஆட்டுக்கு எடுத்துப் போன பணத்தை எங்கே என்று கையை நீட்டியது.